மேற்கே தள்ளிய கோடு

1961 ஜூன் 5: மாநகராட்சிச் சாலைப் பிரிவில் உதவிப் பொறியாளர். மாதச் சம்பளம் 240.
1973 பிப்ரவரி 12: நிழற்சாலை, முதல் வரைபடம். மதிப்பீடு 38,60,000.
1973 ஏப்ரல் 9: நிழற்சாலை, திருத்திய வரைபடம். மதிப்பீடு 41,15,000.
1974 ஜனவரி 21: பதினோரு வீடுகளுக்கு இழப்பீடு. வீட்டுக்கு 27,000, மொத்தம் 2,97,000.
1976 செப்டம்பர் 3: சாலை திறப்பு. மரக்கன்றுகள் 612, ஒன்றுக்கு 7 வீதம் 4,284.
1994 மே 31: பணி ஓய்வு. பணிக்கொடை 1,12,000.

மாநகராட்சிப் பதிவேடுகளைப் புரட்டினால் அவருடைய முப்பத்து மூன்று வருட உத்தியோகம் இந்த ஆறு வரிக்குள் அடங்கிவிடும். இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவே எட்டு வாரம் இருக்கிறது. அந்த எட்டு வாரத்தில் வந்த ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் மனதில் மட்டும் அவை மறையவே இல்லை.

அலுவலகத்தில் அவருக்கு 'நூல்' என்று பட்டப்பெயர். மரக்குழி ஒன்று வரிசையிலிருந்து நாலு விரல் விலகியிருந்தால்கூட மூடச் சொல்லிவிட்டு மறுபடி வெட்டச் சொல்வார். 'நூல் சார் வர்றார், வரிசையா நில்லுங்கடா' என்று கூலியாட்கள் அவர் காதுபடவே கிண்டல் செய்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூர அதில் ஒரு பெருமைகூட அவருக்கு உண்டு.

வேலையில் அவர் கெட்டிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இப்போது குழந்தைகள் ஊஞ்சலாடுகிற ஏரிப் பூங்கா, அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குப்பைமேடு. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக முடியும். அதைச் சரித்து, மட்டம் செய்து, மேலே இரண்டடி நல்ல மண் பரப்பி, மழைநீருக்குத் தனியாகக் கால்வாய் வெட்டிப் புல்வெளியாக்க ஏழு வருடம் பிடித்தது. முதல் வருடம் நட்ட செடியெல்லாம் அடியில் மக்கிக்கொண்டிருந்த குப்பையின் சூட்டில் வெந்துபோனது. 'சார், இது செடி நடுற இடமில்ல, சோறு வேக வைக்கிற இடம்' என்றார் தலைமைத் தோட்டக்காரர். நூல் சார் சிரிக்கவில்லை. குப்பைக்குள் குழாய்களைச் செங்குத்தாக இறக்கிச் சூட்டை வெளியேற்றினார். மூன்றாம் வருடம் அதே தோட்டக்காரர் அதே இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் படுத்து மத்தியானத் தூக்கம் போட்டார்.

அந்தப் பெயரால்தான் நிழற்சாலை அவர் கைக்கு வந்தது. ரயில் நிலையத்தில் இறங்குகிற ஒருவர் தலையில் வெயில் படாமல் ஏரிவரை நடந்து போக வேண்டும், அதுதான் திட்டம். நடுவில் அகலமான நடைபாதை, இரு பக்கமும் இரண்டிரண்டு வரிசை மரம், அதற்கு வெளியே வண்டிகள் போகிற தடம். இரண்டு முனைகளையும் இணைத்து அவர் போட்ட கோடு நேராக விழுந்தது. வழியில் இடைஞ்சல் ஒரே இடத்தில்தான். கிழக்கே மூடிக்கிடந்த ஓர் ஆலையின் கிடங்குகள். மேற்கே பதினோரு வீடுகள் கொண்ட ஒரு வரிசை. நேர்கோடு கிடங்குகளின் மேல் போயிற்று. அவற்றில் எலியைத் தவிர வேறு குடித்தனம் கிடையாது. மேற்குப் பக்கத்து வீடுகளுக்கு வாசற்படி மட்டும் போகும், வீடு தப்பிக்கும்.

அந்தப் பதினோரு வீடுகளில் நாலாவது அவருடைய அக்கா வீடு. முன்னறையில் அத்தான் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கோடு போட்டபோது அக்கா வீடு அவர் நினைப்பிலேயே இல்லை. போட்டு முடித்த பிறகுதான் பார்த்தார். பார்த்ததும் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அவ்வளவுதான்.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அலுவலக கேன்டீனில் கை கழுவுகிற இடம் ஒரு தட்டிக்குப் பின்னால் இருந்தது. அவர் அங்கே நின்றிருந்தபோது மேசையில் சர்வேயர் பேசுவது கேட்டது.

"நூல் சார் போட்ட கோட்டைப் பார்த்தீங்களா? ஆலைக் கிடங்கை வெண்ணெய் மாதிரி வெட்டிட்டுப் போகுது. அக்கா வீட்டு வாசல் வந்ததும் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு ஓரமா நடக்குது!"

"அட போய்யா. அவர் அப்படிப்பட்ட ஆளில்ல" என்றார் தலைமை எழுத்தர்.

"அவரை யாரு சொன்னா? அவர் பென்சில் அப்படிப்பட்டது."

எல்லோரும் சிரித்தார்கள். தலைமை எழுத்தரும் சிரித்தார். அதுதான் அவரைச் சுட்டது. டீயைக் குடிக்காமலே ஈரக் கையோடு பின்வாசல் வழியாக வெளியேறினார்.

சனிக்கிழமை காலையில் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து வரைபடத் தாளை விரித்தார்.

"என்னங்க, இன்னைக்கும் ஆபீஸ் வேலையா? பிள்ளைங்க சினிமாவுக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்குதுங்க" என்றாள் மனைவி.

"ஒரு சின்னத் திருத்தம். நீங்க போயிட்டு வாங்க."

அந்தத் திருத்தம் ஞாயிறு சாயங்காலம்வரை நீண்டது. கிடங்குகள் வருகிற இடத்தில் கோட்டை மெல்ல வளைத்து, பதினோரு மீட்டர் மேற்கே தள்ளி, வீட்டு வரிசையைத் தாண்டியதும் மறுபடி நேர்கோட்டில் கொண்டுவந்து சேர்த்தார். தாளில் பார்த்தால் பதினோரு மீட்டர் என்பது ஒரு சோற்றுப் பருக்கை நீளம். அந்தப் பருக்கைக்குள் பதினோரு வீடும் போய்விட்டன.

தலைமைப் பொறியாளர் திருத்திய படத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "ஏன்யா, நீயே நேர்கோட்டை வளைச்சிருக்கே?"

அவர் மூன்று காரணம் சொன்னார். கிடங்குக்கு அடியில் பழைய கழிவுநீர்க் குழாய் போகிறது. ஆலை முதலாளி கோர்ட்டுக்குப் போனால் வேலை வருடக்கணக்கில் இழுக்கும். நெடுக நேராகப் போகிற சாலை கண்ணுக்குச் சலிப்பு. மூன்றில் எதுவும் பொய்யில்லை. மூன்றில் எதுவும் உண்மையான காரணமும் இல்லை.

"இதுல உங்க அக்கா வீடு போகுதேய்யா?"

"போகுது சார்."

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஆபீஸ் உருப்பட்டுடும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பார்வை அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளத்தான் இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. மறுநாளிலிருந்து அந்தச் சர்வேயர் அவரைக் கண்டால் எழுந்து நின்றார்.

அக்காவிடம் சொல்லப் போனபோது அவள் கடைத் தரையில் உட்கார்ந்து டியூப் ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சர் ஒட்டுவதில் அத்தானைவிட அவளுக்குக் கை நேர்த்தி.

"அக்கா, ரோடு இந்தப் பக்கமா வருது. இந்த வரிசையே போகுது."

"விளையாடாதே. படி மட்டும்தான் போகும்னு போன மாசம் நீதானே சொன்னே?"

"மாத்திட்டாங்க."

மாற்றியது யார் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று அவர் பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறார். உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டது வேறு.

"வேற வழியே இல்லையாடா?"

"இல்லக்கா. கோடு அப்படித்தான் விழுது."

உள்ளேயிருந்து அத்தான் எட்டிப் பார்த்தார். கையெல்லாம் கிரீஸ். "விடு. மச்சான் தெரியாமலா செய்வான்? ரோடு என்ன ஹேண்டில் பாரா, நமக்கு வேணுங்கிற பக்கம் திருப்பிக்கிறதுக்கு?" என்று சிரித்தார். பிறகு அவருக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பினார். அந்த டீயை அவரால் மிச்சம் வைக்க முடியவில்லை. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதே வாரம் அந்த வரிசையில் ஒரு மனு தயாரானது. எழுதியவர் ஓய்வு பெற்ற வாத்தியார். கையெழுத்து வாங்க வீடு வீடாக நடந்தவர் தையல்காரர். கடைசியாக அக்கா வீட்டுக்கு வந்தார்கள். அக்கா கையெழுத்துப் போடவில்லை.

"வழி இருந்தா சொந்த அக்கா வீட்டை இடிப்பானா என் தம்பி? கோடு அப்படித்தான் விழுதாம். அவன் நினைச்சாலும் வளைக்க முடியாதாம்."

அவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. பொறியாளரின் கூடப்பிறந்தவளே வீட்டைக் கொடுக்கிறாள் என்றால் பேச என்ன இருக்கிறது? வாத்தியார் பேனாவை மூடினார். தையல்காரர் மனுவை நாலாகக் கிழித்துப் போட்டார். மனு போயிருந்தால் விசாரணை வந்திருக்கும். விசாரணை வந்திருந்தால் பிப்ரவரி மாதத்து வரைபடம் வெளியே வந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை. நடக்காமல் போனது எப்படி என்று அக்கா சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் மனக்கஷ்டப்படுகிறார் என்று நினைத்து, ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாள். "நானே எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிட்டேன்டா. உன்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

வீடுகளை இடித்த அன்று அவர் நாற்றுப் பண்ணையில் கன்றுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். போகாமலிருக்க அதுதான் சாக்கு. ஆனால் மரம் நட்டதில் அவர் குறை வைக்கவில்லை. ஆளிறங்கி நிற்கிற ஆழத்துக்குக் குழி, அடியில் உடைகல், மேலே எருமண், கன்றுக்கு இரண்டு பக்கமும் முட்டு, ஆடு மாடு கடிக்காமல் கம்பிக் கூடு. நட்டதில் பெரும்பாலானவை தூங்குமூஞ்சி மரம். 'ஆபீஸ்லதான் நிறைய இருக்கே, ரோட்டுலயும் எதுக்கு?' என்று தோட்டக்காரர்கள் அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தார்கள். கோடையில் தண்ணீர் வண்டி வராத நாட்களில் அவரே குடத்தைத் தூக்கினார். வளைவில் நின்ற கன்றுகளுக்கு மட்டும் இரண்டு குடம் அதிகம். யாரோ கேட்டதற்கு, அங்கே மண் இறுக்கம் என்றார்.

மரங்கள் அவர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வளர்ந்தன. பத்து வருடத்தில் கிளைகள் மேலே கைகோத்துக்கொண்டன. ஊரே அந்தச் சாலையைக் கொண்டாடியது. அதிலும் எல்லோரும் கொண்டாடியது அந்த வளைவைத்தான். நிலையத்திலிருந்து பார்த்தால் ஏரி தெரியாது. பச்சை இருட்டுக்குள் நடந்து வளைவைத் தாண்டியதும் முகத்துக்கு நேரே தண்ணீர் பளிச்சென்று விரியும். கல்யாணம் நிச்சயமானவர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் எழுதினார்கள். வெளியூர்களிலிருந்து இளம் பொறியாளர்கள் பார்க்க வந்தார்கள்.

"சார், நேரா போட்டிருந்தா இது வெறும் ரோடு. அந்த வளைவுலதான் சார் உயிரே இருக்கு. எப்படித் தோணுச்சு?"

"தோணுச்சு" என்பார். அழகு உண்மை. அவர் கண்ணுக்கும் அது அழகாகத்தான் இருந்தது. ஏரி தெரிகிற அந்த இடம் எதன் மேல் இருக்கிறது என்று அவருக்கு ஒருவருக்குத்தான் தெரியும்: அத்தானின் கடை வாசல்.

அத்தானுக்கு ஊரின் விளிம்பில் மாற்று மனை கிடைத்தது. அங்கே சைக்கிளில் போகிறவர் குறைவு. பஞ்சராகிறவர் அதைவிடக் குறைவு. மூன்றாம் வருடம் கடையை மூடிவிட்டு ஒரு பஸ் பணிமனையில் காவலாளியாகச் சேர்ந்தார். 1981-ல் மாரடைப்பு. சாவு வீட்டில் அக்கா அவர் தோளில் சாய்ந்துதான் அழுதாள். அவரும் அழுதார். அவர் எதற்காக அழுதார் என்பதை அவள் தப்பாகப் புரிந்துகொண்டு, அழுகைக்கு நடுவிலும் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு அவள் வேறு ஊரில் இருந்த மகளோடு போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற நாளில் மண்டபம் நிரம்பியிருந்தது. பேசியவர்கள் ஒவ்வொருவரும் குப்பைமேட்டைச் சொன்னார்கள், மரங்களைச் சொன்னார்கள். கடைசியில் ஆணையர் ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார். "சொந்த அக்கா வீடுன்னும் பார்க்காம கோடு போட்ட மனுஷன் இவர்! இப்படி ஒருத்தரை இனிமேல் பார்ப்போமா?" கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. முன்வரிசையில் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது அக்கா. அவர் ஏற்புரையில் பேச எழுந்து, நன்றி என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடக்கம் என்று அதற்கும் கைத்தட்டினார்கள்.

1996-ல் நிழற்சாலைக்கு இருபது வயது. வளைவில் அவர் பெயர் பொறித்த கல் ஒன்றை நாட்டுவதாகவும், வீட்டை விட்டுக்கொடுத்த அக்காவே அதைத் திறந்துவைப்பதாகவும் மாநகராட்சி முடிவு செய்தது. அதிகாரி ஒருவர் அக்கா இருக்கும் ஊருக்கே போய் அழைத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே அக்கா டெலிபோனில் கூப்பிட்டாள்.

"டேய், என்னைப் பேசச் சொல்றாங்கடா! நீ எழுதிக் கொடு. இல்ல, வேண்டாம், நீ எழுதினா தார், ஜல்லின்னு எழுதுவே. நானே பேசிக்கிறேன். கோடு அப்படித்தான் விழுந்துச்சு, என் தம்பி யாருக்காகவும் வளைக்கலைன்னு சொல்லப் போறேன். சரியா இருக்குமில்ல?"

"நான் நேர்ல வர்றேன்க்கா" என்றார்.

மறுநாள் முதல் ரயிலில் போனார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். இரண்டாவது மாடி வீட்டின் சமையலறையில் அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடா, விழாவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள பேச்சை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்க வந்துட்டியா?"

அவர் உட்காரவில்லை. "அக்கா, அந்தக் கோடு அப்படி விழல."

"எந்தக் கோடு?"

"முதல்ல நேராத்தான் போட்டேன். உன் வீடு, மத்த வீடு எல்லாமே தப்பிச்சிருந்துச்சு. நான்தான் மேற்கே தள்ளினேன்."

"யாரு தள்ளச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அக்கா வீட்டுக்காகக் கோட்டை ஒதுக்கிட்டேன்னு கேன்டீன்ல பேசினாங்க."

"ஒதுக்கினியா?"

"இல்ல."

"அப்ப பேசிட்டுப் போறாங்கன்னு விட வேண்டியதுதானே?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "எத்தனை பேர் பேசினாங்க?"

"ஒரு சர்வேயர். மத்தவங்க சிரிச்சாங்க."

"ஒரு ஆளு. டீ குடிக்கும்போது சொன்னது." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "உன் அத்தான் செத்தாரேடா. ராத்திரி பூரா அந்த பஸ் ஷெட்டுல கொசுக்கடியில உட்கார்ந்து."

"என்னை மன்னிச்சிடுக்கா."

"இரு. என்னை விடு. என் வீடு, என் தம்பி. அது நம்ம வீட்டுச் சண்டை. திட்டுவேன், அழுவேன், அப்புறம் சோறும் போட்டுத் தொலைப்பேன். மத்த பத்து வீடு என்னடா பண்ணுச்சு? நீ நல்லவன்னு பேர் வாங்கறதுக்குப் பக்கத்து வீட்டு நர்ஸம்மா எதுக்கு வீட்டை விடணும்? வாத்தியார் எதுக்கு விடணும்?"

அவர் திடுக்கிட்டுப் போனார். இத்தனை வருடம் மனதைத் தின்றுகொண்டிருந்தது அக்கா வீடு ஒன்றுதான். அந்த ஒரு வாசலிலேயே நின்று குமுறிக்கொண்டிருந்தவர், பக்கத்து வாசலை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"அவங்க கிட்ட நான்தானேடா சொன்னேன்? என் வாயால சொன்னேன். என்னை நம்பி அந்த மனுவைக் கிழிச்சாங்க. உன் பொய்யை நான் சுமந்துட்டுப் போய் வீடு வீடாக் கொடுத்திருக்கேன்."

"அக்கா..."

"இப்ப அக்கான்னு கூப்பிடாதே. பத்து வீட்டுக்கும் போ. என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு. நான் தெரியாமத்தான் சொன்னேன்னும் சொல்லு. ஒவ்வொருத்தரும் என்ன பேசினாங்கன்னு எனக்கு எழுது. திட்டினா திட்டினதை எழுது, சர்க்கரை தடவி எழுதாதே. பத்தும் முடியாம என் முன்னாடி வந்து நிக்காதே. போனும் பண்ணாதே."

படியிறங்கும்போது வேலையிலிருந்து வந்த மகள் எதிரே வந்தாள். "என்ன மாமா, சாப்பிடாம கிளம்பிட்டீங்க?" என்றாள். மேலேயிருந்து கூப்பிடும் குரல் வருமா என்று அவர் ஒரு நிமிஷம் நின்றார். வரவில்லை.

வீட்டில் மனைவியிடமும் சொன்னார். "அந்த சனி, ஞாயிறு எனக்கு ஞாபகம் இருக்கு. சின்னத் திருத்தம்னு சொன்னீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆணையரிடம் போய், கல்லில் தன் பெயர் வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னார். ஆணையர் ஊருக்குப் புதியவர். "அந்தக் காலத்துக் கதையெல்லாம் இப்ப எதுக்கு சார்? கல் வெட்டுறவருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சே" என்று அலுத்துக்கொண்டார். கடைசியில் அக்கா வராமலே, பெயரில்லாமல் வருடத்தை மட்டும் வெட்டி நட்டார்கள்.

பத்து வீடுகளைத் தேடுவது மரக்குழி எண்ணுவதுபோல் இல்லை. ஐந்து குடும்பங்கள் மாற்று மனையிலேயே இருந்தன, மற்றவை சிதறிப்போயிருந்தன. முதலில் கடிகாரம் பழுது பார்ப்பவர். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியை எடுக்காமலே சொன்னார்: "உங்க கடிகாரம் இருபத்து மூணு வருஷம் லேட்டு சார். இதை ரிப்பேர் பண்ண என்கிட்ட பார்ட்ஸ் இல்ல." அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. அதையும் அக்காவுக்கு எழுதினார்.

நர்ஸம்மா வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார். அவர் முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே தாழ் விழுந்த சத்தம்வரை எழுதினார்.

வேறு மூன்று வீடுகளில் நடந்தது அவர் எதிர்பாராதது. "அங்கேயே இருந்திருந்தா என் பிள்ளைங்க படிச்சிருக்காது சார். இங்க ஸ்கூல் பக்கத்துல. நாங்கதான் உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்று ஒருவர் காப்பி கொடுத்து உபசரித்தார். ஏச்சோடு திரும்பி வரும்போதுகூட இவ்வளவு கனமாக இல்லை. தப்பு தப்பாகவே இருக்க, அதற்கு நன்றி வாங்கிக்கொண்டு படியிறங்குவது பெரிய தண்டனையாக இருந்தது.

வாத்தியார் காலமாகி ஆறு வருடமாகியிருந்தது. அவர் மகன் பொறுமையாகக் கேட்டான். "அப்பா சாகிற வரைக்கும் உங்களைப் பத்திப் பெருமையாச் சொல்லுவார் சார். நேர்மைன்னா என்னன்னு கேட்டா உங்க கதையைத்தான் சொல்லுவார். நான் என் பையனுக்கும் அதைச் சொல்லிட்டு இருக்கேன்." வாசல்வரை கூடவே வந்தான். "வீட்டை எடுத்தீங்க, சரி. இதையும் இப்ப எடுத்துட்டுப் போகத்தான் வந்தீங்களா?" அந்தக் கடிதத்தை எழுத அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அக்காவிடமிருந்து எதற்கும் பதில் வரவில்லை. தபால்காரர் தெருவில் நுழைந்தால் மனைவிதான் முதலில் வாசலுக்குப் போவாள். திரும்பி வந்து, "டெலிபோன் பில்தான்" என்பாள்.

பத்தாவது ஆள் தையல்காரர். மனுவைக் கிழித்தவர். ஊர் மாறி, மறுபடி ஊர் மாறி, கடைசியில் ஒரு கடைத்தெருவில் மகனுடைய துணிக்கடையின் பின்பக்கம் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்லத் தையல்காரரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஊசியை நூலோடு சட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க சார். எங்கயும் போயிடாதீங்க. இதை அப்படியே என் பொண்டாட்டி கிட்டச் சொல்லுங்க."

"உங்க வீட்டம்மா கிட்டயா?"

"இருபத்தஞ்சு வருஷமா என்னைத்தான் திட்டுறா சார்! நீ அன்னைக்கு மனுவைக் கிழிக்கலேன்னா வீடு நின்னிருக்கும், கையாலாகாதவனேன்னு. சாப்பாடு போடும்போது ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை."

மாடியில் அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நூல் சார் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அந்த அம்மாளுக்குக் காது மந்தம், ஆகவே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நான் வேண்டுமென்றே தள்ளினேன், நான் வேண்டுமென்றே தள்ளினேன் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். கீழே கடையில் துணி வாங்க வந்தவர்கள் மேலே பார்த்தார்கள்.

அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தார். "அப்பவும் நீ கிழிச்சிருக்கக் கூடாது" என்றார்.

தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். படிவரை வந்து வழியனுப்பும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்கா கிட்டச் சொல்லுங்க, அவங்க மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல. உங்க மேல இருக்கு. அது போகாது சார். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

பத்தாவது கடிதத்தில் அவர் இதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினார். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, இனி எழுத வேறு வீடில்லை என்று மனைவியிடம் சொன்னார். ஐப்பசி தொடங்கியதிலிருந்தே விடாமல் மழை பெய்த வருடம் அது. நிழற்சாலையில் ஒரு பெரிய கிளை ஒடிந்து விழுந்து, மாநகராட்சி ஆட்கள் அவரிடம் யோசனை கேட்க வந்தார்கள். எந்த இடத்தில் அறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். அக்கா எழுதியிருந்தாள்.

'தம்பிக்கு, பத்தும் வந்து சேர்ந்துச்சு. நர்ஸம்மா கதவைச் சாத்தினது சரிதான். நானா இருந்தாலும் சாத்தியிருப்பேன். வாத்தியார் பையன் சொன்னதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. எனக்கு இன்னும் ஆறல. ஆறிடுச்சுன்னு உன்னை மாதிரி பொய் சொல்ல மாட்டேன். இருபத்தஞ்சாம் தேதி காலை ரயில்ல வர்றேன். பல்லு வலி உயிர் போகுது, அங்கதான் நல்ல டாக்டர் இருக்காராம். ஸ்டேஷனுக்கு வந்துடு. அந்த ரோடு வழியா மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போகாதே. சுத்திட்டுப் பஸ்ஸுல போகலாம்.'

அதற்குப் பிறகு பேச வேண்டியதை இருவரும் நேரிலும் டெலிபோனிலும் பேசிக்கொண்டார்கள். அக்கா திட்ட வேண்டியதைத் திட்டினாள். எழுத்தில் அவளிடமிருந்து வந்தது அதுவே கடைசி. வந்து சேர்ந்த நாள், 1998 நவம்பர் 18.